கரிசல் வட்டாரக் கருவிப் பெயர்கள்: கி. ராஜநாராயணனின் அகராதியும் அதற்கு வெளியே நின்ற சொற்களும்

கரிசல் வட்டாரக் கருவிப் பெயர்கள் என்பவை கோவில்பட்டியை மையமாகக் கொண்ட கரிசல் மண் பகுதியில் உழவர்கள், தச்சர்கள், கொல்லர்கள், தோல் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள், ஓட்டுநர்கள் ஆகியோர் தங்கள் கருவிகளுக்கும் இயந்திரங்களுக்கும் வைத்து வழங்கும் பெயர்கள். இவற்றில் ஒரு பகுதி கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி (1982) வழியாக அச்சுக்கு வந்தது. மற்றொரு பகுதி இன்றும் பேச்சில் மட்டுமே உள்ளது. அந்த அகராதியின் சாதனை, அதன் எல்லை, அது காட்டிய வழியில் செய்யப்படாமல் நிற்கும் பணி ஆகியவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

நிலமும் தொழிலும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை, சாத்தூர் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கரிசல் நிலம் பெரும்பாலும் மானாவாரி. ஆண்டு மழை சுமார் 700 மி.மீ. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசி, மல்லி, மிளகாய் ஆகியவை இங்கே நெடுங்காலமாக விளைபவை. கிணறு உள்ள நிலம் மட்டும் தோட்டம் எனப்படும். அங்கே கமலை கட்டித் தண்ணீர் இறைத்தார்கள்.

இந்த நிலத்தை உழவுக் கலப்பையோடும் கமலையோடும் மட்டும் சேர்த்துப் பார்ப்பது பொதுவான வழக்கம். அது முழுமையான பார்வை அல்ல. மதுரை – தூத்துக்குடி ரயில் பாதை 1876இல் கோவில்பட்டி வழியாக வந்தது. கரிசல் பருத்தியை நம்பித் தூத்துக்குடியில் கோரல் மில் 1888இல் தொடங்கப்பட்டது. 1908இல் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். கோவில்பட்டியிலும் நூற்பாலைகளும் பருத்தி அரவை ஆலைகளும் வந்தன. 1923இல் சிவகாசியில் வேர்விட்ட தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று பரவியது. மழை பொய்க்கும் மண்ணில் ஆண்டு முழுவதும் கூலி கொடுத்தது இந்தத் தொழிலே. கரிசல் குடும்பங்கள் பல தலைமுறைகளாக ஒரு கால் காட்டிலும் ஒரு கால் ஆலையிலும் வைத்து வாழ்ந்தவை. அவர்களின் கருவிச் சொற்களும் இரண்டு இடங்களிலிருந்தும் வந்தவை.

பெயர் உருவாகும் வழிகள்

கருவிகளுக்கு உழைப்பவர்கள் பெயர் வைப்பதில் சில நிலையான வழிகள் தெரிகின்றன. அவற்றுள் முதன்மையானவை கீழே தரப்படுகின்றன. இவற்றில் சில கரிசலுக்கு மட்டும் உரியவை அல்ல, தமிழகத்தின் மற்ற பகுதிகளிலும் வழங்குபவை.

• உடல் உறுப்பு: ஊசிக்குக் காது, அரிவாளுக்கும் சக்கரத்துக்கும் பல், மணிக்கு நாக்கு, கலப்பைக்கு ஏர்க்கால், வண்டிச் சக்கரத்துக்கு ஆரக்கால், கமலைக்கு வால். அம்மியில் உருளும் கல் குழவி. அச்சொல்லுக்குக் குழந்தை என்றும் பொருள் உண்டு.

• வீட்டுப் பாத்திரம்: வண்டிச் சக்கரத்தின் நடுவில் ஆரக்கால்கள் வந்து சேரும் கட்டை குடம் எனப்படுகிறது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் வட்டத் தட்டுக் கலப்பை வந்தபோது அது சட்டிக்கலப்பை ஆனது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி உள்ள இரண்டு பெயர்களிலும் வேலை செய்வது ஒரே கண்தான்.

• விலங்கு: வீணையில் தந்திகளைத் தாங்கும் பகுதி குதிரை எனப்படுகிறது. 2005இல் சந்தைக்கு வந்த டாட்டா ஏஸ் என்ற சிறிய சரக்கு வண்டி தமிழகம் எங்கும் குட்டியானை என்றே அறியப்படுகிறது. சிறியதாக இருந்தாலும் பாரம் சுமக்கும் என்ற மதிப்பீடு அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

• நிறுவனப் பெயர்: மண் தோண்டும் இயந்திரம் எந்த நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தாலும் அது ஜேசிபி. இது ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் 1945இல் தொடங்கிய நிறுவனத்தின் முதலெழுத்துகள். பொக்லைன் என்ற பிரெஞ்சு நிறுவனப் பெயரும் அவ்வாறே செய்தித்தாள்களில் பொதுப்பெயராகிவிட்டது.

• காதில் விழுந்த ஆங்கிலம்: வண்டியைத் தூக்கும் கருவி ஜாக்கி. கொத்தனாரின் ரசமட்டத்தில் இதற்கு நேர்மாறானது நடந்திருக்கிறது. உள்ளே இருப்பது பாதரசம் அல்ல என்றாலும் கண்ணாடிக் குழாயில் நகரும் குமிழைப் பார்த்துத் தமிழிலேயே ஒரு பெயர் பிறந்தது.

• கூலி அளவு: கருவியின் பெயர் வேலையின் அளவாகவும் மாறும். கையால் தீப்பெட்டி செய்யும் இடங்களில் குச்சிகளைப் பள்ளமிட்ட பலகைத் துண்டுகளில் வரிசையாக வைத்துச் சட்டமாக இறுக்குவது கட்டை அடுக்குதல். கூலி கட்டைக் கணக்கில் தரப்பட்டது. ஆகவே ஒரு பெண் அன்றைக்கு எத்தனை கட்டை அடுக்கினாள் என்பது அவளுடைய வருமானத்தைச் சொல்லும். ஒரு சம்சாரிக்கு எத்தனை ஏர் என்பது அவருடைய நிலத்தையும் வசதியையும் சொன்னது போன்றது இது.

அமெரிக்கத் தொழிலாளர் வழக்குடன் ஒப்பீடு

அமெரிக்காவில் ரயில் பாதை போட்டவர்கள், மரம் வெட்டியவர்கள், சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் தங்கள் கருவிகளுக்கு வைத்த பட்டப்பெயர்கள் நிறையப் பதிவாகியுள்ளன. மரக்கட்டைகளை இழுத்த நீராவி விசை டாங்கி எஞ்சின், அதாவது கழுதை எஞ்சின். ரயில் எஞ்சின் இரும்புக் குதிரை. எஞ்சினை வட்டமேடையில் ஏற்றிக் கையால் தள்ளித் திருப்ப வேண்டிய இடங்களில் அந்த மேடைக்கு ஆர்ம்ஸ்ட்ராங் என்று பெயர். அது ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் போல ஒலிக்கும். உண்மையில் வலுத்த கை என்று பொருள்படும் கேலி அது. இயந்திரம் என்று ஒன்றும் இல்லை, தள்ளுபவனின் தோள்தான் இயந்திரம் என்பது அதன் உட்பொருள்.

மண்வாரிக்கு ஐரிஷ் பாஞ்சோ என்று ஒரு பெயர் இருந்தது. பாஞ்சோ ஒரு தந்தி வாத்தியம். கால்வாய்களையும் ரயில் பாதைகளையும் தோண்டியவர்களில் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள் ஏராளம். அவர்களின் கையில் இருந்த மண்வாரியை வாத்தியமாகச் சொல்வதில் நகைச்சுவையும் இழிவும் சேர்ந்தே இருக்கின்றன. யார் எந்த வேலையைச் செய்தார்கள், அவர்களை மற்றவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்ற சமூக வரலாறு இந்த இரண்டு சொற்களில் பதிந்துள்ளது.

கரிசல் வாசகருக்கு இன்னும் நெருக்கமான ஒரு எடுத்துக்காட்டு உண்டு. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரத்தை எலி விட்னி 1793இல் அமெரிக்காவில் உருவாக்கினார். அந்த இயந்திரத்தின் பெயரான ஜின் என்பது எஞ்சின் என்ற சொல்லின் பேச்சுக் குறுக்கம். கரிசலில் ஜின்னிங் பேக்டரி என்று சொல்லும்போது ஆங்கிலேய உழைப்பாளிகளின் கொச்சை ஒன்றையே மக்கள் சொல்கிறார்கள். நூற்பு இயந்திரங்களான ஜென்னி, மியூல் ஆகியவற்றின் பெயர்களும் அத்தகையவை. ஜென்னி என்பது பெண்ணின் பெயர், மியூல் என்றால் கோவேறு கழுதை. இன்று பாடநூலில் கலைச்சொல்லாக நிற்பவை ஒரு காலத்தில் பட்டறைப் பேச்சாக இருந்தவை.

கி.ரா. அகராதியின் பங்களிப்பு

கி. ராஜநாராயணன் (1923 – 2021) கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்தவர். அதே ஊரில் அதே ஆண்டில் பிறந்த கு. அழகிரிசாமி அவருடைய இளமைக்கால நண்பர். கோபல்ல கிராமம் (1976) நாவலுக்குப் பின் வந்தது அவருடைய வட்டார வழக்குச் சொல்லகராதி. கோபல்லபுரத்து மக்கள் நாவலுக்காக 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

இந்த அகராதிக்கு முன் வட்டாரச் சொல்லுக்குத் தமிழ் அகராதிகளில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924 – 1936) பல சொற்களுக்கு இடவழக்கு என்ற குறியீட்டைத் தந்திருந்தது. ஆனால் அங்கே வட்டாரச் சொல் ஓரத்தில் நின்றது. கி.ரா. அதை நடுவில் நிறுத்தினார். ஒரு நிலப்பகுதியின் பேச்சு தனி அகராதி வேண்டும் அளவுக்குச் செறிவானது என்று காட்டினார். பல்கலைக்கழகத் துறை எதுவும் செய்யாததை ஒரு சம்சாரி, ஓர் எழுத்தாளர், நண்பர்களின் உதவியோடு செய்தார் என்பதும் முக்கியமானது.

அதன் விளைவு தெளிவாகத் தெரிகிறது. பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி (2000), கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி (2007) ஆகியவை அதே வழியில் எழுத்தாளர்கள் தொகுத்தவை. எழுத்தாளரே அகராதி தொகுப்பது நவீனத் தமிழில் ஒரு மரபாகியிருக்கிறது என்றால் அதன் தொடக்கம் இடைசெவல்.

அகராதியின் எல்லைகள்

இந்த மரபின் மீது கருவிச் சொற்களை முன்வைத்து மூன்று விமர்சனங்களைச் சொல்ல முடியும்.

முதலாவது, அகர வரிசை. கமலை ஒரு தனிப்பொருள் அல்ல, பல உறுப்புகள் சேர்ந்து இயங்கும் அமைப்பு. மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டுக் கூனை கிணற்றிலிருந்து மேலேறும். கூனையின் அடியில் தோலால் தைத்த வால் இருக்கும். வால்கயிறு அந்த வாலின் வாயை மடக்கி மேலே பிடித்திருக்கும், அதனால் வழியில் தண்ணீர் சிந்தாது. கூனை மேலே வந்ததும் வால் தொட்டிப் பக்கம் நீண்டு தண்ணீரைக் கொட்டும். மாடுகள் பின்னடி வைத்து ஏறும்போது கூனை மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். கூனை, வடம், வால், வால்கயிறு ஆகியவை ஒன்றையொன்று சார்ந்தே பொருள்படுகின்றன. எந்த அகர வரிசை அகராதியிலும் இவை வெவ்வேறு பக்கங்களில் சிதறிவிடும். கமலையைக் கண்ணால் பார்த்த வாசகருக்கு அது இடைஞ்சல் இல்லை, நினைவு மீதியை நிரப்பிக்கொள்ளும். கமலையைப் பார்த்திராத இன்றைய மாணவருக்குச் சொற்கள் கிடைக்கும், கருவி கிடைக்காது.

இரண்டாவது, அகராதி யாருடைய முற்றத்தில் நின்று கேட்கிறது என்பது. கி.ரா.வின் செவி சம்சாரி வீட்டின் செவி. நிலம், மாடு, களம், சமையல், உறவு ஆகியவற்றின் சொற்களில் அதற்கு இணை இல்லை. ஆனால் ஒரு கருவிக்குக் குறைந்தது இரண்டு சொற்குவியல்கள் உண்டு. ஒன்று பயன்படுத்துபவருடையது, மற்றொன்று செய்பவருடையது. சம்சாரிக்கு வண்டி என்பது அச்சு, குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி, நுகத்தடி. அதே வண்டியைச் செய்யும் ஆசாரிக்கு வாய்ச்சி, இழைப்புளி, கொட்டாப்புளி, தமர் என்ற இன்னொரு வரிசையும் வேண்டும். கமலை வாலைத் தைத்தவருக்குத் தோலைப் பதப்படுத்துவதிலிருந்து தையல் வரை தனிச் சொற்கள் இருந்திருக்க வேண்டும். செய்பவர்கள் பெரும்பாலும் நிலமற்றவர்களாகவும் சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்களாகவும் இருந்தார்கள். அவர்களுடைய சொற்கள் குறைவாகவே ஏட்டுக்கு வந்ததற்கு இதுவும் காரணம்.

மூன்றாவது, இயந்திரத்தின் இடம். 1982இல் அகராதி வந்தபோது தூத்துக்குடி ஆலைக்கு ஏறக்குறைய 100 வயது. தீப்பெட்டித் தொழிலுக்கு அறுபது வயது நெருங்கியிருந்தது. பம்புசெட்டு கமலையைப் பெரும்பாலும் வெளியேற்றியிருந்தது. இருந்தும் வட்டார வழக்கு என்றாலே உழவும் வீடும் என்ற எண்ணம் அகராதியின் மையத்தைத் தீர்மானித்தது. பின்வந்த வட்டார அகராதிகளிலும் பொதுவாக இதே சாய்வுதான். தீப்பெட்டித் தொழிற்கூடத்தைக் கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். காலணியும் குடையும் கொண்ட ஆபீஸை அறியாத மக்கள் தங்கள் பிள்ளைகள் கந்தகப் புழுதியில் வேலை செய்யும் கொட்டகைக்கு அந்தப் பெயரைத் தந்தார்கள். சம்பளம் தரும் இடம் என்ற பொருளும், பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஆசையும் அதில் உண்டு. கரிசல் வாழ்வின் ஒரு நூற்றாண்டு மாற்றத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறு சொல் இல்லை. அடிப்பெட்டி, மேல்பெட்டி, கட்டை, மருந்து, பண்டல் ஆகியவையும் கரிசல் சொற்களே. கூனையும் வடமும் எவ்வளவு கரிசலோ அவ்வளவு கரிசல்.

முன்மாதிரிகள்

இந்தக் குறைகளைக் களைய முடியும் என்பதற்கு மூன்று முன்மாதிரிகளைச் சுட்டலாம்.

ஜார்ஜ் கிரியர்சன் 1885இல் கல்கத்தாவில் வெளியிட்ட பீகார் பெசன்ட் லைஃப் அகர வரிசையில் அமைந்தது அல்ல. பிற்காலத்தில் இந்திய மொழிகளின் பெரும் அளவீட்டை நடத்திய அவர், இந்த நூலில் கலப்பை, வண்டி, ஏற்றம், செக்கு என்று கருவி கருவியாக எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் உறுப்புகளையும் படங்களோடு பெயரிட்டுக் காட்டினார். ஒரே உறுப்பு மாவட்டத்துக்கு மாவட்டம் எப்படிப் பெயர் மாறுகிறது என்பதும் அங்கேயே தெரியும். ஆட்சியாளரின் தேவைக்காக எழுதப்பட்ட நூல் என்ற குறை இருந்தாலும் அதன் முறை இன்றும் பயன்படக்கூடியது.

இரண்டாவது தெலுங்கிலிருந்து வருகிறது. மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் மாண்டலிக விருத்தி பதகோசம், ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதெமியின் வெளியீடாக 1962இல் வந்தது. முதல் தொகுதி முழுவதும் வேளாண்மைச் சொற்கள். கைத்தறிக்குத் தனித் தொகுதி பின்னர் வெளியானது. தொழிலை அடிப்படையாகக் கொண்டு, மாவட்டங்கள்தோறும் களப்பணி செய்து தொகுக்கப்பட்ட அகராதி அது. தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட கி.ரா. தமிழில் தனியொருவராக உழைத்ததற்கு இருபது ஆண்டுகள் முன்பே, அண்டை மொழியில் அந்தப் பணி நிறுவன ஆதரவோடு நடந்திருக்கிறது. இந்த வேறுபாடு கி.ரா.வின் குறையைக் காட்டவில்லை. தமிழகத்துக் கல்வி நிறுவனங்களின் குறையைக் காட்டுகிறது.

மூன்றாவது அமெரிக்க வட்டார ஆங்கில அகராதி. ஃபிரெடரிக் காசிடி தலைமையில் 1965 முதல் 1970 வரை 1,002 ஊர்களில் கள ஆய்வாளர்கள் மக்களிடம் நேரில் கேள்விகள் கேட்டார்கள். முதல் தொகுதி 1985இலும் ஐந்தாம் தொகுதி 2012இலும் வந்தன. சொல்லைச் சொல்லிப் பொருள் கேட்காமல், பொருளை விளக்கி உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்பது அவர்களின் முறை. கருவிச் சொற்களுக்கு இது மிகப் பொருத்தம். தொகுப்பவர் அறியாத சொல்லும் அப்போது வெளியே வரும்.

இந்த ஒப்பீட்டில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பட்டப்பெயர்களுக்குக் கதை கட்டுவது எளிது. ஆங்கிலத்தில் மங்கி ரெஞ்ச் எனப்படும் திருகுகுறடு, குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சனுக்குக் காப்புரிமை தரப்பட்டதால் அந்த இழிபெயரைப் பெற்றது என்று ஒரு செய்தி பரவலாகச் சுற்றுகிறது. அவர் 1922இல் ஒரு ரெஞ்சுக்குக் காப்புரிமை பெற்றது உண்மை. ஆனால் அந்தப் பெயர் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பிருந்தே வழக்கில் உள்ளது. கதைசொல்லி தொகுக்கும் அகராதியில் சொல்லும் கதையும் கலந்து வருவது படிக்க இன்பமானது. எது வழக்கு, எது விளக்கக் கதை என்று பிரித்துக் காட்டுவது அடுத்துத் தொகுப்பவரின் கடமை.

புனைவில் கருவிகள்

அகராதி செய்ய முடியாததைக் கரிசல் புனைவு செய்திருக்கிறது. பூமணியின் பிறகு (1979) நாவலின் மையப் பாத்திரமான அழகிரி தோல் வேலை செய்பவர். சம்சாரி பயன்படுத்தும் பொருள் செய்பவரின் கையிலிருந்து எப்படிப் போகிறது, அதற்கான ஊதியமும் மரியாதையும் எப்படித் திரும்பி வருகின்றன, அல்லது வராமல் போகின்றன என்பதை அந்த நாவல் உள்ளிருந்து காட்டுகிறது. மேலே சொன்ன இரண்டாவது குறைக்கு விடை ஓர் அகராதியிலிருந்து வரவில்லை, இந்த நாவலிலிருந்து வந்தது. பூமணி இயக்கிய கருவேலம்பூக்கள் திரைப்படம் தீப்பெட்டித் தொழிலில் சிறுவர் உழைப்பைப் பேசியது. சோ. தர்மனின் சூல் (2016) உருளைக்குடி கண்மாயைச் சுற்றி எழுதப்பட்டது. மடையைத் திறந்து அடைக்கும் பொறுப்புள்ள மடைக்குடும்பன் அதில் வருகிறார். மடை, கலுங்கு ஆகிய சொற்கள் அங்கே ஒரு பொறுப்பின் பெயர்களாகப் பொருள் பெறுகின்றன.

ஆயினும் நாவல் அகராதிக்கு மாற்று ஆகாது. நாவலாசிரியர் கதைக்குத் தேவையான சொல்லை மட்டுமே எடுப்பார். நாவலின் பின்னிணைப்பாக வரும் சொற்பொருள் பட்டியல்களும் வாசகரின் ஐயத்தைத் தீர்ப்பவையே தவிர, தொழிலின் சொற்குவியலை முழுமையாகத் தருபவை அல்ல.

கொச்சையா, கலைச்சொல்லா

ஜாக்கி, ஜேசிபி, ரொட்டவேட்டர் போன்றவற்றை வட்டார அகராதியில் சேர்ப்பது மொழியைக் கெடுப்பதாகும் என்ற மறுப்பு எழுவது இயல்பு. இந்த மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு. எல்லா ஆங்கிலச் சொல்லும் வட்டாரச் சொல் ஆகிவிடாது. ஆனால் கரிசலிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் சரக்குக் கிடங்கைக் கிட்டங்கி என்பார்கள். மலாய், தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் ஒலிக்கும் வணிகச் சொல்லின் உறவினர் அது. இன்று அதைத் தென்மாவட்டச் சொல் என்று பெருமையோடு குறிக்கிறோம். நேற்றைய கடன் இன்றைய வட்டாரச் செல்வம் என்றால், இன்றைய கடனைப் பதிவு செய்ய மறுப்பதற்குக் காரணம் இல்லை.

மறுபக்கம் அரசின் கலைச்சொற்கள் இருக்கின்றன. வேளாண் துறைக் குறிப்புகளில் பவர் டில்லர் விசை உழுவை என்றும் ரொட்டவேட்டர் சுழல் கலப்பை என்றும் வரும். இவை பிழையான ஆக்கங்கள் அல்ல. ஆனால் சட்டிக்கலப்பை என்ற பெயரை எந்தக் குழுவும் கூடி ஆக்கவில்லை. கருவியைக் கண்டவர்கள் அதன் வடிவைப் பார்த்துச் சொன்னார்கள், எல்லோருக்கும் புரிந்தது, நிலைத்தது. உழைப்பவரின் பெயரிடும் திறனைக் கலைச்சொல் ஆக்கத்தின் மூலப்பொருளாகக் கொள்ளாததால்தான் குறிப்பேட்டுத் தமிழும் காட்டுத் தமிழும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

இது மொழியழகு பற்றிய கவலை மட்டும் அல்ல. தீப்பெட்டி, பட்டாசு போன்ற ஆபத்தான தொழில்களில் பாதுகாப்பு அறிவிப்பு தொழிலாளி பயன்படுத்தும் சொல்லில் இல்லாவிட்டால் அது சுவரில் ஒட்டிய காகிதமாக நின்றுவிடும். மருந்து என்ற ஒரே சொல் நோய்க்கும், பயிருக்கும், குச்சிமுனைக்கும் வழங்கும் இடத்தில், எந்த மருந்து எதனோடு உரசக்கூடாது என்பதைத் தொழிலாளியின் சொல்வழியே விளக்குவதே பயன் தரும். பட்டறையில் கற்கும் மாணவருக்கும் இது பொருந்தும். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆங்கிலப் பெயரையும் பட்டறையில் பேச்சுப் பெயரையும் கற்கும் அவர், இரண்டும் ஒரே கருவியைச் சொல்வதைத் தன் முயற்சியில்தான் கண்டுகொள்ள வேண்டியுள்ளது.

மதிப்பீடு

கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி, மறையவிருந்த ஒரு பேச்சுலகத்துக்கு ஏட்டில் இடம் தந்த முன்னோடி நூல். அதன் குறைகள் பெரும்பாலும் தனியொருவரின் முயற்சிக்கு உரிய குறைகள். நூலின் குறையைவிடப் பெரியது, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதை நிறைவு செய்யும் தொகுப்பு வராதது. கி.ரா. தொகுத்தபோது கமலை ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் கமலை இறைத்தவர்கள் உயிரோடு இருந்தார்கள், கேட்க முடிந்தது. இன்று அதே நிலையில் இருப்பது கைத்தொழிலான தீப்பெட்டி. முழு இயந்திர ஆலைகளும் பகுதி இயந்திர ஆலைகளும் கட்டை அடுக்குவதையும் கையால் பெட்டி ஒட்டுவதையும் பின்னுக்குத் தள்ளிவிட்டன. அந்த வேலைகளைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பலர் இப்போது முதியவர்கள். அவர்களின் சொற்களை யாரும் வட்டார வழக்கு என்று நினைத்துக் கேட்கவில்லை.

வேண்டிய பணி கடினமானது அல்ல. ஒரு கருவி அல்லது ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, படம் வரைந்து, ஒவ்வொரு உறுப்புக்கும் செய்பவர் சொல்லும் பெயரையும் பயன்படுத்துபவர் சொல்லும் பெயரையும் தனித்தனியே குறித்து, எந்த ஊரில் யாரிடம் எப்போது கேட்டது என்று பதிவு செய்தால் போதும். கோவில்பட்டி வட்டாரக் கல்லூரிகளில் தமிழ் படிக்கும் மாணவர்களின் வீடுகளிலேயே இதற்கான தகவலாளிகள் இருக்கிறார்கள். கி.ரா. தன் தலைமுறையின் முதியவர்களிடம் கேட்டதை இந்தத் தலைமுறை தன் தாயிடமும் பாட்டியிடமும் கேட்டால், அகராதியின் அடுத்த பகுதி தொடங்கிவிடும்.